பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஸ்கூட்டர்

அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. விக்கிரமசிங்கபுரத்தில் அவனுக்கு மில் வேலை. பெண் கல்லிடைக்குறிச்சி. அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருக்கும்.

"அவ எதுக்கு பஸ்ஸுல இடிபடணும்? நானே கொண்டு விட்டுருதேன்" என்றான்.

அப்பா இறந்த பிறகு அவன் தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான். புது வண்டிக்கு வழியில்லை. பேப்பரில் வரும் சின்ன விளம்பரங்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள், 'ஸ்கூட்டர் விற்பனைக்கு, அவசரம்' என்று கிடந்தது. கொடுத்திருந்த நம்பர் ஒரு எஸ்.டி.டி. பூத். அங்கே நின்று பேசிய ஆள், பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னான்.

சாயங்காலம் வண்டியோடு வந்துவிட்டான் அண்ணன். சாம்பல் நிறம். இடது கைப்பிடியில் சிவப்பு வயரைச் சுற்றி வைத்திருந்தார்கள். விற்றவனைப் பற்றிச் சொல்லும்போது அண்ணனுக்குக் குரல் இறங்கியது. "பாவம்மா. அவன் அம்மைக்கு ஆப்பரேஷனாம். அழுதுட்டாம்லா."

"அவன் வீட்டுக்குப் போனியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. பஸ் ஸ்டாண்டுல வச்சே தந்துட்டான். ஆர்.சி. புத்தகம் அடமானத்துல இருக்காம், மீட்டு ரெண்டு வாரத்துல தாரேன்னான்."

"ஒரு செம்பு தண்ணி கேட்டு அவன் வீட்டுக்குள்ள போயிருக்கணும்லே. நாலு சனம் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுதாங்களான்னாவது பாத்திருக்கலாம்."

அண்ணன் சிரித்தான். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் உட்காரவைத்து மணிமுத்தாறு அணை வரைக்கும் போனான். வழியெல்லாம் வருங்கால மதினியைப் பற்றியே பேச்சு. திரும்புகிறபோது அம்பாசமுத்திரத்தில் பெட்ரோல் போட நின்றோம். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வந்து அந்தச் சிவப்பு வயரை விரலால் தடவினார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

அண்ணன் ஊரைச் சொன்னான், வேலை பார்க்கும் இடத்தையும் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து சனம் மொத்தமும் வெளியே வருகிற நேரத்தில், மில் வாசலில் வைத்து அண்ணனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர்கள் அப்படியே நின்று பார்த்தார்களாம். செய்தி கேட்டு நானும் அம்மாவும் ஓடினோம். ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் அவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். விற்றவன் பேர் என்ன, வீடு எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. அந்த பூத்தில் விசாரித்தால், யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். நம்பர் பிளேட்டே பொய் என்றார் ஏட்டய்யா.

அப்போதுதான் அந்தப் பெரியவர் உள்ளே வந்தார். சாத்தான்குளத்துக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். அண்ணன் எழுந்து நின்றான்.

"ஐயா, திருட்டு வண்டின்னு எனக்குத் தெரியாதுய்யா. கல்யாணத்துக்காக வாங்கினேன்."

அவர் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் அம்மாவிடம்தான் பேசினார். "எம் மவன் வண்டிம்மா இது. காய்ச்சல் முத்திப்போயி அவன் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில கிடந்தான். வண்டிய வெளிய நிறுத்திட்டு உள்ள போனேன். அவனும் போயிட்டான். வெளிய வந்து பாத்தா வண்டியும் இல்ல." அம்மா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு அழுதாள்.

இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, "இந்தப் பிள்ளை எடுக்கல சார். களவாணி எவனும் ஊரையும் வேலையையும் கேட்டதும் சொல்ல மாட்டான். விட்டுருங்க" என்றார்.

இருட்டுவதற்குள் அண்ணனை விட்டுவிட்டார்கள். வண்டி ஸ்டேஷனிலேயே நின்றது. ஆனால் மில் வாசலில் பார்த்தவர்களுக்கெல்லாம் வீடு வீடாகப் போய் யார் விளக்கம் சொல்ல முடியும்? அந்த வாரமே கல்லிடைக்குறிச்சியிலிருந்து பெண்ணின் மாமா வந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. "உங்க மேல தப்பு இல்லன்னு எங்களுக்குத் தெரியும். ஆனா ஊரு வாயி இருக்குல்லா" என்றார். அண்ணன் அவரைத் தெருமுனை வரை கொண்டுவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

கோர்ட் மூலம் வண்டியைத் திரும்ப வாங்கிய பிறகு, அந்தப் பெரியவர் ஒரு ஓலைக் கொட்டானில் கருப்பட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்யாணம் நின்றுபோனது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"இனிமே அதை ஓட்ட எனக்கு மனசு வரல. நீ வச்சுக்கோப்பா. எம் பேருலருந்து முறையா மாத்தித் தாரேன்."

"வேண்டாம்யா. அது உங்க மவன் வண்டி."

உள்ளே அம்மா கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் தம்ளரை வாங்கிக் குனிந்தபோது கண்ணீர் சொட்டியது. துடைக்கவில்லை. அண்ணன் அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டான்.