சித்தப்பாவின் புத்தகமும் அப்பாவின் புகாரும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் எல்லாரும் அருவியைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் மட்டும் பேச்சு முழுக்கச் சித்தப்பாவின் புத்தகத்தைப் பற்றியது. நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் கழித்து. ஆகவே இதில் வரும் கிழமைகளுக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. நடந்தவற்றின் வரிசைக்குத் தருவேன்.

அப்பாவுக்குத் தென்காசியில் பாத்திரக்கடை. சித்தப்பா அந்தக் கடையில் உட்கார்ந்து பில் போட வேண்டியவர். பில் போடாத நேரமெல்லாம் நாவல் எழுதினார். ‘குகையில் மறைந்த பெட்டி’ என்று பெயர். செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் ரயில் மலைக் குகைக்குள் நுழைகிறது. வண்டிக்குள் கும்மிருட்டு. மறுபக்கம் வெளிச்சம் வந்ததும் பார்த்தால், கல்யாணப் பெண்ணின் நகைப்பெட்டியைக் காணோம். உடன் பயணம் செய்தவர்கள் ஒரு டாக்டர், ஒரு வக்கீல், ஒரு ஜோசியர், ஒரு பாத்திர வியாபாரி. எடுத்தது யார் என்பது கடைசி அத்தியாயத்தில்தான் வெளிவரும்.

அச்சான புத்தகங்களைச் சித்தப்பா நடு அறையில் கட்டுக்கட்டாக அடுக்கிவைத்தார். அப்பா ஒருநாள் அதில் இடறி விழுந்தார். அன்றைக்கே கெடு வைத்தார்.

“சாரல் முடியதுக்குள்ள இந்தக் கட்டெல்லாம் இங்கன இருந்து போயிரணும். போகலைன்னா நீ சிவகிரிக் கடைக்குப் போயிரு. அங்கன போயும் கதை எழுதுதேன்னு பேனாவத் தொட்டே, பாத்துக்க.”

சிவகிரியில் புதிதாகத் திறந்த கிளைக்கு அப்பா ஆள் தேடிக்கொண்டிருந்த சமயம் அது. சித்தப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். எழுதாமல் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரியாது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அச்சுப்பிழை பார்க்கச் சித்தப்பா என்னை உடன் வைத்துக்கொண்டிருந்ததால், வீட்டில் கடைசி அத்தியாயத்தைப் படித்திருந்தவள் நான் ஒருத்திதான். திருடன் பாத்திர வியாபாரி. அவன் மூக்குப்பொடி டப்பாவை இரண்டு தட்டுத் தட்டித்தான் திறப்பான். கண்ணாடிக்கு மேலாகத்தான் ஆளைப் பார்ப்பான். ‘தம்பி, வியாபாரம் வேற, தயவு வேற’ என்று வாய்க்கு வாய் சொல்வான். எங்கள் அப்பாவைக் கல்லாப் பெட்டியோடு தூக்கி ரயிலில் உட்காரவைத்தது போலிருந்தது.

“ஏன் சித்தப்பா இப்படி எழுதுனிய?” என்று கேட்டேன்.

“நகைப்பெட்டிய மறைக்கதுக்கு ஒரு தவலை வேணும்லாட்டி. தவலை விக்கிறவரு எனக்கு ஒருத்தரைத்தான தெரியும்?” என்றார்.

அப்பா நாவல் படிக்கிறவர் அல்லர் என்பது ஒன்றுதான் எங்கள் தைரியம்.

சித்தப்பா முதலில் நோட்டீஸ் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போய், வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் கொடுத்தார். குளிக்க வருகிறவர்கள் இடுப்பில் துண்டோடு வருகிறார்கள். குளித்துவிட்டுப் போகிறவர்கள் சொட்டச்சொட்டப் போகிறார்கள். நோட்டீஸை வைத்துக்கொள்ள யாருக்கும் இடமில்லை. அரைமணி நேரத்தில் பாதை நெடுகிலும் சித்தப்பாவின் பெயர் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. நாங்கள் அதன்மேல் மிதித்துக்கொண்டுதான் திரும்ப வேண்டியிருந்தது.

எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அருவிக்குப் போகும் வழியில் இவர்களுக்கு ஆளுக்கொரு கல் உண்டு. அதில் உட்காரவைத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து, எண்ணெய் ஊறும் வரை ஆளை எழுந்திருக்க விடமாட்டார்கள்.

“தாளக் குடுத்தா எதுல பிடிப்பாவ தம்பி? கையில எண்ணெய், கண்ணுல எண்ணெய். காது மட்டுந்தான் சும்மா இருக்கு. கதையச் சொல்லும், காதுல நான் விட்டுப் பாக்கேன்” என்றார்.

சித்தப்பா அங்கேயே உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். ஆனால் வரிக்கு வரி நிறுத்தி அதன் அழகை விளக்கினார். ரயில் செங்கோட்டையை விட்டு நகரவே இல்லை. எண்ணெய்க்காரர் கொட்டாவி விட்டு, “பிள்ளையப் படிக்கச் சொல்லும்” என்றார். நான் படித்தேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிக்கக் கூடாது என்பது சித்தப்பாவின் கட்டளை. அது தெரிந்துவிட்டால் இவர் வாய் சும்மா இருக்காது, அப்புறம் புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்பது அவர் கணக்கு.

கணக்குப் பலித்தது. எண்ணெய்க்காரர் அதை நாவல் என்றே சொல்லவில்லை. போன வாரம் நடந்த சங்கதி போல ஆரம்பித்து, சரியாகக் குகைக்கு மறுபக்கம் வந்ததும் நிறுத்திவிட்டுத் தொடையில் தட்டி, “எந்திரிங்க, எண்ணெய் ஊறிட்டு” என்பார். பக்கத்து மங்குஸ்தான் கடையில் புத்தகங்கள் கயிற்றில் தொங்கின. குளித்துவிட்டு வந்தவர்கள் பழத்தோடு கதையின் மிச்சத்தையும் வாங்கிப் போனார்கள். சிலர், “நீரு யாரைச் சொல்லுதீரு?” என்று அவரையே பிடித்துக்கொள்வார்கள். அவருக்கு முடிவு தெரியாது. ஆனாலும் ஆளின் தொழிலைக் கேட்டுக்கொண்டு, டாக்டரிடம் வக்கீலையும், வக்கீலிடம் டாக்டரையும் சந்தேகப்பட்டார். யாருடைய முகமும் முதுகும் அவர் கையில் கோணவில்லை.

என்றாலும் அது ஒரு கல்லுக்கு ஒரு ஆள் வீதம் நடக்கிற வியாபாரம். ஒரு கட்டு குறைந்திருந்தது. அறையில் இன்னும் நடக்க வழி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பேரருவியில் தண்ணீர் அதிகமாகிக் குளிக்க விடாமல் தடுத்தார்கள். வழக்கமாக அங்கேதான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அப்பா, என்னை அழைத்துக்கொண்டு ஐந்தருவிக்கு வண்டியை விடச் சொன்னார். இறங்கியவர் நேரே போய், வேறு கல்லே இல்லாதது போல, நம் ஆளின் கல்லில் உட்கார்ந்தார். எண்ணெய்க்காரருக்கு அப்பாவைத் தெரியாது. என்னைப் பார்த்தால் பேச்சுக் கொடுப்பாரே என்று நான் மங்குஸ்தான் கூடைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“செங்கோட்டை ரயில்ல நடந்த கூத்து தெரியுமா அண்ணாச்சி?”

“என்ன கூத்து?”

ஆரம்பித்துவிட்டார். அப்பா முதலில் ‘உம்’ கொட்டினார். பிறகு ‘பொறவு?’ என்றார். குகை வந்தபோது மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“எவன் எடுத்தான்வே?”

“அண்ணாச்சிக்கு என்ன தொழிலு?”

“பாத்திரக்கடை.”

“அப்பம் எனக்கு வக்கீல் மேலதான் சந்தேகம்.”

“வக்கீல் இருந்த இடத்த விட்டு அசையவே இல்லன்னு நீருதான சொன்னீரு!” என்று அப்பா திரும்பியதில் எண்ணெய் கண்ணில் வடிந்துவிட்டது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டே அருவிக்குப் போனார்.

திரும்பி வந்தவர் பழக்கடை முன் நின்றார். கயிற்றில் தொங்கியதைத் திருப்பி, அட்டையில் தம்பியின் பெயரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் கூடைகளுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தேன்.

“அப்பா, இதுதான் வீட்டுலயே கெடக்கே” என்றேன்.

“வீட்டுல கெடக்கது அவனுக்கு. இது எனக்கு” என்று சொல்லி ஒன்றை வாங்கி, துண்டில் சுற்றி இடுக்கிக்கொண்டார்.

கடையில் கூட்டமில்லாத பிற்பகல்களில் அப்பா அதைப் படித்தார். எவ்வளவு படித்திருக்கிறார் என்று பார்க்க, பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைக்கு ஓடுவேன். அடையாளத்துக்குப் பக்கங்களுக்கிடையில் அவர் வைத்திருந்த ஈர்க்குச்சி நாளுக்கு நாள் கடைசி அட்டையை நெருங்கியது. ஒருநாள் மாலை ஈர்க்குச்சியைக் காணோம்.

அன்று சாப்பிடும்போது அப்பா கேட்டார். “ஏலே, நான் திருடனா?”

சித்தப்பாவின் கை ரசத்தில் நின்றது. அம்மா கரண்டியோடு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

“இல்ல அண்ணாச்சி, கதைக்காவ...”

“தவலைக்குள்ள நகைப்பெட்டிய வைக்கான். வைக்கோல் சுத்தல. ரயில் ஓடுத ஓட்டத்துக்கு அது கடகடன்னு ஊரைக் கூட்டாதா? பாத்திரம் விக்கிறவனுக்கு இது தெரியாதாலே? திருடன்னு எழுதுனதக்கூட விட்டிருவேன். தொழில் தெரியாத திருடன்னுல்லா எழுதிருக்க! இரு, ஊர்பூராச் சொல்லுதேன்.”

மறுநாள் காலையில் கட்டுகள் வண்டியில் ஏறிக் கடைக்குப் போயின. அப்பா எல்லாவற்றையும் பறிமுதல் செய்துவிட்டார் என்றே நான் நினைத்தேன். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அண்டாக்களுக்குப் பின்னால் தலை தெரியாமல் உட்கார்ந்து பில் போட்டார்.

ஆவணி முகூர்த்தங்களுக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்கக் கடையநல்லூரிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எடுத்தவுடன் போய்விட முடியாது. ஒவ்வொரு பாத்திரத்திலும் உளியால் பெயர் வெட்டித் தரவேண்டும். அதுவரை பெஞ்சில் காத்திருப்பார்கள். அப்பா பொடி டப்பாவை இரண்டு தட்டுத் தட்டித் திறப்பார்.

“செங்கோட்டை ரயில்ல நடந்த கூத்து தெரியுமா?”

உளிச் சத்தத்துக்கு நடுவே கதை குகைக்குள் நுழைந்து மறுபக்கம் வரும். அங்கே அப்பா நிறுத்திப் பெருமூச்சு விடுவார்.

“கூடப் பொறந்த தம்பி எழுதுனதுதான். கடைசி அத்தியாயத்துல என்னை என்னன்னு எழுதிருக்கான் தெரியுமா? வேண்டாம், என் வாயால எப்படிச் சொல்லுவேன்!”

எனக்கு அழுகை பொங்கிவிடும். வாசற்படியில் நின்றுகொண்டு, “அது எங்க அப்பா இல்ல! யாரும் அந்தப் புஸ்தகத்த வாங்காதீங்க! வாங்குனாலும் கடைசி அத்தியாயத்தப் படிக்காதீங்க!” என்று கத்துவேன்.

“பிள்ள என்ன இப்படித் துடிக்கு? எனக்கொண்ணு குடுங்க அண்ணாச்சி” என்பார் ஒருவர். “எங்க மாப்பிள்ளைக்கும் சேத்து வைங்க” என்பார் அடுத்தவர்.

அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, “சும்மா இரிட்டி” என்று அதட்டுவார். ஆனால் காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, “விட்டதும் நேரே கடைக்கு வந்திரு” என்று சொல்ல ஒருநாளும் மறந்ததில்லை. நானும் ஒருநாளும் போகாமல் இருந்ததில்லை. அப்பாவின் மானம் என் தொண்டையில் இருந்தது.

சாரல் நின்றது. நடு அறையில் கட்டுகள் இருந்த இடத்தில் அம்மா அரிசி மூட்டைகளை இறக்கினாள். சிவகிரிக்கு வேறு ஒருவர் போனார். அடுத்த நாவலுக்குச் சித்தப்பா தாள் வாங்கிவந்தபோது அப்பா, “இதுல வாறவனாவது வைக்கோல் சுத்தட்டும்” என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரத்தில் ஒருநாள் அப்பா ஒரு சிறிய பித்தளைச் சொம்பில் என் பெயரை வெட்டச் சொல்லிக் கையில் கொடுத்தார். “இவ இல்லைன்னா ரெண்டு கட்டாவது மிஞ்சிருக்கும்” என்று சித்தப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். பெரியவர்கள் எதற்கோ சிரிக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். அப்பாவின் பெயரைக் காப்பாற்றியதற்குப் பரிசு என்று நினைத்துச் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. நான் அவ்வளவு தொண்டை வற்றக் கத்தித் தடுத்தும் அந்தக் கட்டுகள் எங்கே போயின? சித்தப்பா யாருக்கும் தெரியாமல் சிற்றாற்றில் போட்டிருப்பார் என்று முடிவு செய்து, பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் குனிந்து தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டே போனேன்.