குருவிப் பங்கு

நேற்றுப் பகல் சோற்றுக்குப் புது அரிசி. மனைவி தட்டில் போட்டதும் அந்த வாசம் ஆவியோடு எழும்பியது. பிஸ்மி சொல்லிக் கையை வைத்தவன் அப்படியே இருந்துவிட்டேன்.

"என்னங்க, சோறு வேகல்லையா?"

"இல்ல, இது எந்த மூட்டை நெல்லு?"

"மூட்டைல பேரா எழுதியிருக்கு? எல்லாம் ஒன்னாத்தானே வந்துச்சு."

அதுதான் எனக்குள்ள கஷ்டம்.

எங்கள் வயல் கலேவெலப் பக்கம், ஒரு சின்னக் குளத்துக்குக் கீழே. வாப்பா காலத்தில் வயலின் கடைசித் துண்டு குருவிப் பங்கு. சிங்களத்தில் குருலு பாலுவ என்பார்கள். மற்ற இடம் போலவே உழுது, விதைத்து, தண்ணீர் பாய்ச்சுவோம். அறுக்க மட்டும் மாட்டோம். மேல் பக்க வயலில் தகரம் தட்டினால் நெல்லுக்குருவிக் கூட்டம் எழும்பி அந்தத் துண்டில் போய் இறங்கும். அங்கேயும் நான் தகரத்தோடு ஓடினால் வாப்பா விடமாட்டார். "விருந்துக்கு வந்தவங்கள எழுப்பாத மகன்" என்பார்.

பக்கத்து வயல் பண்டா மாமாவுடையது. அவர் பங்கும் எங்கள் பங்கும் ஒட்டிக் கிடக்கும்.

"நானா, உங்க குருவி எல்லாம் என் பக்கந்தான் தின்னுது" என்று வாப்பாவைச் சீண்டுவார்.

"உங்க நெல்லுதான் ருசி போல பண்டா, நான் என்ன செய்ய?"

வாப்பாவும் அவரும் கண்மூடிய பிறகு எல்லோரும் கடைசிவரை அறுத்தார்கள், நாங்களும் அறுத்தோம். குளத்தடி மரங்களும் போயின. இந்தப் போகத்துக்கு முன் விவசாயிகள் சங்கக் கூட்டத்தில், மரமும் வைப்போம், குருவிப் பங்கும் விடுவோம் என்று பேச்சு வந்தது. முதலில் கை தூக்கியவன் நான்தான். வாப்பா பேரில் தர்மமாக, ஸதக்காவாக இருக்கட்டும் என்று மனதில் நிய்யத்தும் வைத்தேன். பண்டா மாமாவின் மகனும் சரி என்றார்.

அறுவடையன்று மெஷின் வந்தது. துண்டின் வரம்பில் சிவப்புத் துணி கட்டிய கம்பு ஒன்றை நட்டுவிட்டு, லுஹர் தொழப் பள்ளிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் வயல் முழுக்க ஒட்ட அறுத்துக் கிடந்தது. டிரைவர் பொடியன் சிரித்த முகமாக இறங்கி வந்தான்.

"அந்தக் கம்பத் தாண்டியும் கொஞ்சம் இருந்திச்சு நானா. விட்டுட்டுப் போனா நீங்கதானே ஏசுவீங்க."

அவனை என்ன சொல்ல? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். குருவிக்கு விடுகிறேன் என்று அந்த வெளியூர்ப் பொடியனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. மூட்டைகளைப் பார்த்தபோது மனதின் ஒரு ஓரத்தில் நல்லதாய்ப் போச்சு என்றும் இருந்தது. தொழுதுவிட்டு வந்த மனது அது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

சோற்றை வீசுவதும் பாவம் என்று நேற்று ஒருவழியாகச் சாப்பிட்டு முடித்தேன். இன்று காலை ஒரு மூட்டையைச் சைக்கிளில் ஏற்றினேன்.

"குருவிட மூட்டையக் கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள் மனைவி. சிரித்தாலும், கட்டக் கயிறு தந்தவள் அவள்தான்.

கடைசித் துண்டில் நெல்லைக் கொட்டிப் பரப்பினேன். யார் வீட்டுக் கோழிகளோ வந்தன. இரண்டு மயில் வந்தது. நெல்லுக்குருவி ஒன்றும் இறங்கவில்லை. அவற்றுக்குத் தொங்கித் தின்ன நிற்கிற கதிர் வேண்டும்.

வரம்புக்கு அந்தப் பக்கம் பண்டா மாமாவின் மகன் விட்ட துண்டு சாய்ந்தும் சாயாமலும் நின்றது. அதில் ஒரு சின்னக் கூட்டம். அந்தக் காலத்தில் அவை வரம்பு பார்த்ததே இல்லை. இன்று வரம்புவரை வந்து திரும்பிப் போயின.