கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு கடையறை

ஜெஸீமாவுக்கு வயிறு எரிந்தால் ஆப்பம் கருகும். பதுளையில் மிஷன் கல்லூரியை ஒட்டிய சந்தில் இது தெரியாதவர் கிடையாது. ஓரம் கருகிய ஆப்பத்தைச் சன்னல் வழியாக வாங்கும் விடுதிப் பையன்கள், இன்றைக்கு வாசல் பக்கம் இராக்கம்மாவிடம் கூட்டம் அதிகம்போல என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பும் அவள் காதில் விழும். அடுத்த ஆப்பமும் கருகும்.

கணவன் மவுத்தான பிறகு அடுப்பைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு ஆப்பம் சுடத் தொடங்கியவள் ஜெஸீமா. மூன்று வருஷமாக அந்த அடுப்புதான் அவளுக்குச் சோறு. கைப்பக்குவத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் பையன்கள் வருவார்கள், வாங்குவார்கள், போவார்கள். நின்று ஒரு வார்த்தை பேசுகிறவன் ஒருத்தன் கிடையாது. இராக்கம்மா கதை வேறு. பெரகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கங்காணியோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு வந்தவள் அவள். கல்லூரி வாசலில் ஒரு பலகையைப் போட்டு வடை சுட்டாள். பையன்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, அக்கா அக்கா என்று கதையளந்தார்கள். அந்த 'அக்கா'தான் ஜெஸீமாவைக் கொன்றது.

இத்தனைக்கும் இருவருக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. இராக்கம்மா தினமும் காலையில் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஜெஸீமாவின் தொட்டியில் ஊற்றுவாள். பதிலுக்கு ஜெஸீமாவின் ஆட்டுக்கல்லில் தன் உளுந்தை ஆட்டிக்கொள்வாள். கல்லும் தண்ணீரும் சரிக்குச் சரி. மனசுதான் சரியில்லை.

அப்படியிருக்கும்போதுதான் கல்லூரிக்காரர்களும் லோக்கல் போர்டும் சேர்ந்து அந்தச் சுற்றுவட்டாரத்தையே திருத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. சந்துப் பாதையை நேராக்கி, சாக்கடைக்குக் கல் பாவி, வாசலை அடைத்துக்கொண்டிருந்த கொட்டில்களைப் பிரித்து, எதிரே ஓட்டுக்கூரையோடு நாலு கடையறை கட்டப் போகிறார்களாம். பக்கத்திலேயே தண்ணீர்க் குழாயும் வரும். நாலில் ஓர் அறைதான் சாப்பாட்டுக்கு. சுத்தமாகச் சமைக்கிறவர் ஒருவருக்கு அது கிடைக்கும். மற்றவர்கள் வாசல் பக்கமே தலைகாட்டக் கூடாது.

அந்த அறை தனக்குத்தான் என்று ஜெஸீமா முடிவு செய்துவிட்டாள். அறை கிடைத்தால் பையன்கள் உள்ளே வந்து உட்காருவார்கள். உட்கார்ந்தால் பேசுவார்கள். இராக்கம்மாவை அக்கா என்பதுபோல் அவளை ராத்தா என்று கூப்பிடுவார்கள். இராக்கம்மாவுக்குக் கிடைத்துவிட்டாலோ, சன்னல் பக்கம் ஒரு நாய்கூட வராது.

ஜெஸீமாவின் சன்னலுக்கு நேரே, சரிவில், மலை ஊற்றை மூங்கிலில் திருப்பிவிட்ட பீலி ஒன்று இருந்தது. அதற்கு மேலே ஆட்கள் துணி துவைப்பார்கள், மாடு குளிப்பாட்டுவார்கள். விடிந்ததும் இராக்கம்மா அதில் குடம் பிடிப்பதை ஜெஸீமா எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். தன் தொட்டிக்கு வருவதும் அதே தண்ணீர்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீர் வேண்டும் என்று தான் ஒரு காலத்தில் கேட்டதற்காக, இராக்கம்மாவாவது கடைத்தெருத் தாண்டி ஏறிப்போய்ச் சுமந்து வருவதாவது! தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, அந்தத் தண்ணீரிலேயே மாவு கரைத்து வந்தாள். இப்போது மூடியிருக்க முடியவில்லை. கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த அண்ணன் தாஸிமைக் கூப்பிட்டனுப்பினாள்.

"நானா, சுத்தம் பாக்கிற ஐயாட்டச் சொல்லுங்க. இராக்கம்மா பீலித் தண்ணியிலதான் வட சுடுறாள்டு."

"அப்ப ஒன்ட தண்ணி?"

"என்ட தண்ணி பள்ளிவாசல் கெணத்துத் தண்ணிண்டு நான் சொல்லிக்குவேன். நீங்க அவள்ட கதைய மட்டும் சொல்லுங்க."

நாலாம் நாள் சுகாதாரம் பார்க்கும் செல்வநாயகம் ஐயா குடையும் நோட்டுமாக வந்து நின்றார். வாசல் திரைக்குப் பின்னால் நின்றபடி ஜெஸீமா கூசாமல் சொன்னாள், பள்ளிவாசல் கிணறு என்று. அவர் எழுதிக்கொண்டார்.

"ஆர் கொண்டுவந்து தாறது?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பொய்ப் பெயர் சொல்லவும் வாய் வரவில்லை. "இராக்கம்மா" என்றாள்.

இராக்கம்மா அந்த நேரம் பின்கட்டில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு வந்து நின்றவளிடம், அவள் பீலித் தண்ணீரில் சமைப்பதாகப் புகார் வந்திருப்பதைச் சொல்லி, இரண்டு பேர் தண்ணீரும் எங்கிருந்து வருகிறது என்று ஐயா கேட்டார். இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜெஸீமாவுக்கு அறையும் போச்சு, மானமும் போச்சு.

"எனக்குப் பீலிதாங்க ஐயா. ஒத்த ஆளு, என்ன பண்றது" என்றாள் இராக்கம்மா. "ராத்தாவுக்குப் பள்ளிவாசல் கெணறு. புருசன் தவறி, வெளிய வராம இத்தா இருந்தப்ப தொழுகைக்கு அந்தத் தண்ணிதான் வேணும்னாங்க. அன்னையிலேருந்து அதுதான். இருட்டோட போயி ஊத்திப்புட்டுத்தான் என் கொடத்தைத் தூக்குறது. வேணும்னா பள்ளிவாசல் மோதினாரக் கேட்டுப் பாருங்க."

ஐயா அங்கேயே நின்று ஆளனுப்பிக் கேட்டும் பார்த்தார். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று மோதினார் சொல்லியனுப்பினார்.

ஜெஸீமா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடிந்த பிறகு சன்னலில் தெரிந்ததைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். விடியுமுன் நடந்தது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது பொறாமைதான். இதிலும் இவள் என்னைவிட ஒரு படி மேலே போய்விட்டாளே என்று நெஞ்சு எரிந்தது.

அறை ஜெஸீமாவுக்கு என்று அன்றே எழுதியாயிற்று. பீலித் தண்ணீரில் சமைப்பதாகத் தன் வாயாலேயே சொன்னதால் இராக்கம்மாவின் பலகையை எடுத்துவிட உத்தரவு.

ஐயா போனதும் இராக்கம்மா பாதி ஆட்டிய உளுந்தைச் சட்டியில் வழித்துப் போட்டாள். போகிற போக்கில் திரைக்கு முன்னால் நின்றாள்.

"ராத்தா, பீலி தெரியிற சன்னல் இந்தச் சந்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

இராக்கம்மா சட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"தண்ணிக்கு இனி வேற ஆளப் பாத்துக்குங்க."

கட்டி முடிந்த அறை நன்றாகத்தான் இருந்தது. புது ஓடு, சுண்ணாம்புச் சுவர், இரண்டு பெஞ்சு, வாசலில் குழாய். பையன்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதல் நாள் முதல் பையன் கேட்ட முதல் கேள்வி, "இராக்கம்மாக்கா எங்க?" என்பதுதான். ரயில் பாதை போடுகிற கூலியாட்களுக்கு ஊர்க்கோடியில் குடிசை போட்டு வடை சுடுகிறாள் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். சனிக்கிழமை ஆனால் கூட்டமாக அங்கே நடந்தார்கள்.

ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஜெஸீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தானே ஒரு குடத்தோடு பள்ளிவாசல் கிணற்றுக்குப் போனாள். திரும்பும்போது பாதி வழியில் மதகுக் கட்டையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. ஒரு குடத்துக்கே இந்தப் பாடு. இராக்கம்மா இரண்டு குடம் கொண்டுவந்தாள். மழையிலும் கொண்டுவந்தாள். "பாவி, எப்படித்தான் தூக்கினாளோ" என்று வாய்விட்டே சொன்னாள்.

அன்று சாயங்காலம் தாஸிமை இராக்கம்மாவிடம் அனுப்பி வைத்தாள், ஆட்டுக்கல் சும்மாதான் கிடக்கிறது, வந்து ஆட்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று. தாஸிம் மறுநாள் காலையில்தான் பதிலோடு வந்தான். ஜெஸீமா அடுப்பு முன்னால் இருந்தாள்.

"கல்லு வாங்கிட்டாளாம். கொழாத் தண்ணி ருசியா இருக்காண்டு ஒன்னக் கேக்கச் சொன்னாள்."

"கோவமாவா கேட்டாள்?"

"இல்லயே. சிரிச்சிட்டுத்தான்."

"தனியாவா இருந்தாள்?"

"எங்க தனியா! ஒன்ட காலேஜ் பொடியன்மார் பத்துப் பன்னெண்டு பேர் சுத்திக் குந்திட்டிருந்தானுகள். அக்காக்கு நாளைக்கு ரயில் பாதை காட்டுறேண்டு ஒருத்தன் சொல்லிட்டிருந்தான்."

ஜெஸீமா பெஞ்சுகளைப் பார்த்தாள். இரண்டும் காலி. தாஸிம் மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுப்பைக் காட்டினான். சட்டியில் ஆப்பம் கருகிக்கொண்டிருந்தது.