உருட்டிக்கொண்டு போன வண்டி

எங்கள் மலையில் பைக்குக்கு இன்ஜின் தேவைப்படுவது ஏறுவதற்கு மட்டும்தான். இறங்கும்போது கொடைக்கானல்காரர்கள் பெட்ரோலைச் செலவழிக்க மாட்டோம். சாவியை அணைத்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் வண்டி தானே போகும். தப்புதான், ஆபத்தும்தான். ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்டாக இருக்கிற நான், அப்படிச் செய்யக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டித்துச் சொல்லிவிட்டு, சாயங்காலம் அப்படியேதான் வீட்டுக்கு வருவேன்.

ஆக, இங்கே வண்டி திருடுகிறவனுக்குச் சாவி வேண்டியதில்லை, சரிவு போதும். இது எனக்கு உறைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். நானும் மனைவியும் காய்கறிக் கடையில் பத்து நிமிஷம் பூண்டு பொறுக்கிவிட்டுத் திரும்பினோம். வண்டி நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

பன்னிரண்டு வருஷத்து வண்டி. டேங்க்கில் கீறல் விழுந்தபோது, வீட்டு ஜன்னலுக்கு அடித்து மீந்த பச்சை பெயின்டை நானே அதற்கும் அடித்துவிட்டேன். ஊரே பார்த்துச் சிரிக்கும் நிறம். அதைப் போய் ஒருவன் திருடுவான் என்று யார் நினைத்தார்கள்?

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். போலீஸ் அவுட்போஸ்டுக்கு நடக்க நடக்க, திருடனின் தண்டனையும் ஏறிக்கொண்டே போனது. கடை வாசலில் ஆறு மாதம் ஜெயில் என்றேன். செருப்பு கடிக்க ஆரம்பித்ததும் ஆறு வருஷம் ஆக்கினேன். அவுட்போஸ்ட் படிக்கட்டில் மூச்சு வாங்கியபோது தூக்கில் போட வேண்டும் என்றேன்.

"போட்டுட்டு வெரசா வீட்டுக்கு வாங்க. பூண்டு உரிக்கணும்" என்றாள் மனைவி.

அவுட்போஸ்டில் இருந்த ஏட்டையா, வயதானவர், நிதானமானவர். வண்டி நம்பரைக் கேட்டார், நிறத்தைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அப்புறம், "ஹேண்டில் லாக் போட்டிருந்தீங்களா சார்?" என்றார்.

அந்த லாக் உடைந்து இரண்டு வருஷம். அதை மாற்றச் சொல்லி மனைவி மாதம் தவறாமல் சொல்லுவாள், நானும் மாதம் தவறாமல் தலையாட்டுவேன். இப்போது பக்கத்திலேயே நிற்கிறாள். உண்மையைச் சொன்னால் திருட்டைவிடப் பெரிய வம்பு வீட்டில் நடக்கும்.

"போட்டிருந்தேன் சார்" என்றேன். சொன்னது போதாதென்று, புகாரில் 'பூட்டை உடைத்துத் திருடிச் சென்றுவிட்டார்கள்' என்று அழகான கையெழுத்தில் எழுதியும் கொடுத்தேன்.

எழுதி முடித்த கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பால்வண்டிக்காரர். "சார், உங்க பச்ச டேங்க்கு இங்கன அருவிக்குக் கீழ கெடக்கு. ஆளையும் பிடிச்சு வச்சிருக்கேன். வெரசா வாங்க."

மனைவியை அவுட்போஸ்டில் உட்காரவைத்துவிட்டு, ஏட்டையாவின் பைக்கில் ஐந்து கிலோமீட்டர் இறங்கினேன். நடந்தது இதுதான். வெள்ளி அருவியைத் தாண்டினால் சாலை கொஞ்ச தூரம் மேடாகப் போகும். இறக்கம் தீர்ந்த இடத்தில் திருட்டும் தீர்ந்துபோனது. வண்டி நின்றுவிட்டது. சாவி இல்லாமல் கிளப்பத் தெரியாத அந்தப் பையன், கடைக்குப் பால் போட வந்த வண்டியை நிறுத்தி, "அண்ணே, இந்த மேடு வரைக்கும் ஒரு கை குடுங்க" என்று கேட்டிருக்கிறான். உலகத்தில் எத்தனையோ வண்டி இருக்க, எங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம்.

பதினாறு வயசு இருக்கும். பழனிப் பக்கம் பாலசமுத்திரத்துப் பையன். மேலே ஒரு லாட்ஜில் அறை துடைக்கிற வேலை. அவனைச் சுற்றி மக்காச்சோளம் விற்கிறவர்கள், காரில் வந்தவர்கள், இரண்டு குரங்குகள்.

"ஏலே, லாக்க எதவச்சு ஒடச்ச?" என்று அதட்டினார் பால்வண்டிக்காரர்.

"லாக்கு இல்லீங்கண்ணே. ஏற்கெனவே ஒடஞ்சுதான் கெடந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க லாக் போட்டிருந்தீங்கள்ல சார்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏட்டையாவின் சட்டைப் பையில் என் கையெழுத்து இருந்தது. நான் தலையாட்டினேன்.

பளாரென்று ஒரு அறை விட்டார் பால்வண்டிக்காரர். "சாரு பொய் சொல்றாரா, நீ பொய் சொல்றியா?"

பையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறக்கவில்லை. கோபக்காரனுக்கு வீரம் அதிகம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

ஏட்டையா கூட்டத்தை விலக்கிவிட்டு என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "சின்னப் பையன் சார். பூட்ட ஒடச்சான்னு எழுதியிருக்கீங்க. கேஸ் போட்டா திண்டுக்கல் சிறார் போர்டு, ஹோமுன்னு அலையணும். லாட்ஜுலயும் சேக்க மாட்டாங்க. போடச் சொன்னா போடுறேன். முடிவு உங்களது."

அப்போது நான் நேர்மையாக யோசித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், எல்லோரும் பார்க்கும்போது கெத்தாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் யோசித்தேன். "உருட்டிக்கிட்டு எறங்குனவன் உருட்டிக்கிட்டே மேல ஏத்தட்டும் சார். அவுட்போஸ்டுக்கு வந்து சேரட்டும், பெறகு கேஸப் பத்திப் பேசுவோம்."

கூட்டம் கைதட்டியது. "இதுதான்யா தண்டனை" என்றார் ஒரு சோளக்காரர். ஏட்டையாவும் பால்வண்டிக்காரரும் முன்னால் போய்விட்டார்கள். பையனைக் கண்காணிக்க ஒரு ஆள் வேண்டுமே என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அவன் தள்ளினான், நான் பின்னால் கை வீசி நடந்தேன். முதல் வளைவிலேயே ஒரு கார் நின்றது. "பெட்ரோல் தீந்துருச்சா அண்ணா?" என்றாள் உள்ளே இருந்த பெண். எங்கள் மலைப்பாதையில் ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினால், நின்று கேட்காமல் போவது மரியாதை இல்லை. இது எனக்கு நினைவிருந்திருக்க வேண்டும். அவளுக்குப் பெருமையாக விளக்கினேன். "நல்லா வேணும்" என்றாள். அடுத்து வந்த ஜீப்காரர் "ரெண்டு போடு போடுங்க சார்" என்றார். மூன்றாவதாக ஒரு லாரி டிரைவர் கயிறோடு இறங்கினார். பையனின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே, "பிளக் போயிருச்சுண்ணே, மேல மெக்கானிக் இருக்காரு" என்றேன். அது அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய். என் சாவி என் பையில் கிலுங்கிக்கொண்டிருந்தது.

"எதுக்குடா எடுத்த?" என்றேன், நடப்பதற்கு ஒரு பேச்சாக.

"ஊருக்குப் போகணுமுங்க. அக்கா பிள்ளைக்கு இன்னைக்குக் காதுகுத்து. பஸ்ஸுல டூரிஸ்ட் கூட்டம், நிக்கக்கூட எடமில்ல."

"போய்ச் சேந்துட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பியா, வித்திருப்பியா?"

கொஞ்ச தூரம் தள்ளியபின் சொன்னான். "தெரியலீங்கய்யா. கீழ போயி யோசிக்கலாம்னு இருந்தேன்."

சிரிப்பு வந்துவிட்டது. இப்படி ஒரு பதிலை என்னால் சொல்லியிருக்க முடியாது. காதுகுத்துக்குத்தான் போனான் என்று முழுசாக மன்னிக்கவும் விடவில்லை, திருடன் என்று முழுசாக வெறுக்கவும் விடவில்லை.

பாதி தூரத்தில் தண்ணீர் குடிக்க நின்றோம். பாட்டிலை என்னிடம் திருப்பிக் கொடுத்தவன், என் முகத்தைப் பார்க்காமல் ஹேண்டிலைப் பார்த்துக் கேட்டான். "ஐயா, அந்த லாக்கு மெய்யாவே முன்னாடியே ஒடஞ்சுதான கெடந்துச்சு?"

"ரெண்டு வருஷமா."

"அதத்தாங்க நானும் சொன்னேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னான். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் தப்பு செய்திருந்தோம், ஒரு ஆள்தான் அடி வாங்கியிருந்தான். சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பியிருக்கலாம். ஏனோ மனசு வரவில்லை. "நகரு" என்று சொல்லி ஹேண்டிலைப் பிடித்தேன். மிச்ச தூரம் நான் தள்ளினேன். அவன் வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் கை கொடுத்துக்கொண்டே வந்தான். ஐம்பத்து மூன்று வயசில் நான் அப்படி மூச்சு வாங்கியதில்லை.

அவுட்போஸ்ட் வாசலில் ஏட்டையா, மனைவி, பால்வண்டிக்காரர் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை நான் தள்ளி வருவதைப் பார்த்து டம்ளரை இறக்கினார்கள்.

"சார், அந்தப் பேப்பர்ல எழுதினது பொய். பூட்டு எப்பவோ ஒடஞ்சுபோச்சு. பையன் சொன்னதுதான் நெசம்" என்றேன்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் மனைவி. ஏட்டையா பேப்பரை நாலாகக் கிழித்து டீ டம்ளருக்கு அடியில் வைத்தார்.

பால்வண்டிக்காரர்தான் கேட்டார். "அப்ப நான் எதுக்கு சார் அவன அடிச்சேன்?"

அவரே தன் வண்டியில் பையனை ஏற்றி, பழனி பஸ்ஸில் இடம் பிடித்து உட்காரவைத்துவிட்டு வந்தார். பால்வண்டியில் ஏறும் முன் பையன் என்னிடம், "லாக்க மொதல்ல மாத்துங்கய்யா. அடுத்தவன் எடுத்தா திரும்பத் தள்ளிட்டு வரமாட்டான்" என்றான். மறுநாளே மாற்றினேன்.

டீக்கடையில் இன்னும் இந்தக் கதை ஓடுகிறது. என்ன சரியான தண்டனை கொடுத்தார் நம்ம சார் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறார்கள். பூட்டை அவன் உடைக்கவில்லை, பாதி தூரம் தள்ளியது நான், அந்தப் பாதி எனக்கான தண்டனை என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். சார் தமாஷ் பண்ணுகிறார் என்று சிரிக்கிறார்கள். பால்வண்டிக்காரர் மட்டும் சிரிப்பதில்லை.