ஸ்டெல்லாவுக்குத் தலை சுற்றவில்லை

துப்பாக்கியோடு ஓடும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டைச் செல்போனில் ஏற்றி, எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் வாங்கிய விஆர் கண்ணாடிக்குள் செருகினேன். திரும்பினால் சுவர், அண்ணாந்தால் கூரை. அசந்துவிட்டேன்! ஆனால் மூன்றே நிமிடத்தில் வாந்தி. மறுநாள் கல்லூரி விழாவில் இந்த விளையாட்டை ஆடிக் காட்டுவதாகப் பெயர் வேறு கொடுத்திருந்தேன்.

வகுப்புத்தோழி ஸ்டெல்லா கண்ணாடிக்காகக் கை நீட்டினாள்.

“சோட் யார், விட்டுடு, உனக்கு இன்னும் சுத்தும்” என்றேன்.

“குடுடா, பெரிய ஹீரோ!”

அப்பாவோடு டிங்கிப் படகில் மீன்பிடிக்கப் போகிறவள் அவள். கால்களை அகட்டி, அலையில் நிற்பதுபோல முழங்காலைத் தளர்த்தி, முதல் கட்டத்தை ஒரே மூச்சில் முடித்தாள்.

“இதுக்கா வாந்தி எடுத்த?”

விழாவில் அவள்தான் ஆடினாள். இதையெல்லாம் அமைத்தவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டும் மும்முரத்தில் எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.