வெறும் அட்டைகள்

கோயிலில் சாயங்காலம் நாதஸ்வரம் வாசிக்கும்போது எனக்குக் கோடுகள் தெரியும். கண்ணை மூடினால் இன்னும் துலக்கமாகத் தெரியும். சுரம் ஏறினால் கோடு ஏறும், இழுத்தால் வளையும். தவிலின் அடிகள் அதன் கீழே மொட்டு மொட்டாக விழும். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். படித்தது டிசைன். கடைசி வருடத் தேர்வுக்கு ஒரு புடவை வேண்டும். ஒரு மாலை வாசிப்பைக் கைபேசியில் பதிந்துகொண்டு, அதையே கரையாக வரைந்தேன். ஓரிடத்தில் நாதஸ்வரமும் தவிலும் சட்டென்று நிற்கும். கேட்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த இடத்துக்காகக் கட்டக் காகிதத்தில் பதினாறு வரிசைகளை வெறுமையாக விட்டேன். மொத்த டிசைனிலும் எனக்குப் பிடித்ததே அதுதான்.

நெய்தவள் அக்கா. ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள். தறியில் அவளுக்கு ஈடு எங்கள் தெருவில் இல்லை. அட்டை அடிப்பவர் என் படத்தைப் பார்த்து, தறிக்கான அட்டைகளில் துளை போட்டுக் கொடுத்திருந்தார். துளை இருக்கும் இடத்தில்தான் ஜரிகை இழை எழும்பும். வரிசைக்கு ஓர் அட்டை. கோத்து மாட்டும் வேலையை அக்காவிடம் விட்டுவிட்டு விடுதிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது இரண்டு சாண் நெய்தாகியிருந்தது. மொட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. என் வெறுமையைக் காணோம்.

“நடுவுல பதினாறு அட்டை எங்கக்கா?”

“அதுவா? ஓட்டையே இல்லாம வந்துது. அட்ட அடிக்கிறவரு தூங்கிட்டாரு போலன்னு எடுத்துப் போட்டுட்டேன். அதோ, தண்ணி சொம்பு மேல ஒன்னு இருக்குது பாரு.”

“ஐயோ, அது மௌனம்க்கா!”

“மௌனமாத்தான் மூடிக்கினு இருக்குது.”

எனக்கு அழுகை வந்தது. தேர்வுக்கு மூன்று வாரம்தான். இன்னொரு பாவு போட்டு முதலிலிருந்து நெய்ய வழியில்லை. நெய்ததைப் பிரிக்கச் சொன்னேன்.

“படிச்ச திமிரப் பாரு! ரெண்டு சாண் பிரிக்கறதுன்னா என்னான்னு தெரியுமாடி ஒனக்கு?”

கைபேசியைத் தறியருகே வைத்து, பதிந்ததை ஓடவிட்டேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் மிதியின் மேல் இருந்த அவள் கால் மெல்ல அசைந்தது. வாத்தியங்கள் நின்றன. காலும் நின்றது. கூரை ஓட்டின் கண்ணாடி வழியே விழுந்த வெயிலில் பட்டுத் தூசி மிதந்துகொண்டிருந்தது.

“எங்கடி மௌனம்? பின்னால ஒன்னு இழுத்துக்கினே இருக்குதே. அத எங்க வரைஞ்ச?”

சுருதி. தொடக்கத்திலிருந்தே அது ஓடிக்கொண்டிருந்தது. என் கோடுகளெல்லாம் அதன் மேல்தான் நின்றன. நான் அதை வரையவே இல்லை. எல்லாமே எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இப்போது கண்ணை மூடினேன். ஒன்றுமில்லை என்று விட்டிருந்த இடத்தில், மெல்லிய பொன் இழை ஒன்று தன்பாட்டுக்கு நீண்டு போனது.

மறுநாள் எல்லா அட்டைகளிலும் ஓரமாக ஒரே ஒரு துளை கூடப் போட்டோம். வெறும் அட்டைகளுக்கு அது ஒன்று மட்டும். சொம்பின் மேல் இருந்தது ஊறிப்போயிருந்ததால் புதிதாக ஒன்று வெட்டினோம். அக்கா திட்டிக்கொண்டே இரண்டு சாணையும் குறுக்கே ஓடும் ஊடை இழை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரிந்த பட்டு நூலை நான் சுற்றினேன்.

மூன்றாம் நாள் அந்த இடம் வந்தது. மொட்டுகள் நின்றன. கரையின் அரக்குச் சிவப்பு மட்டும் விரிந்தது. அதன் ஓரத்தில் ஓர் இழை ஜரிகை.

அக்கா கையை நிறுத்தினாள். “போதுமாடி? இல்ல, இன்னும் ரெண்டு அட்ட சேக்கணுமா?”

சொல்லத்தான் வேண்டும், அவள் காத்திருக்கிறாள். நான் அந்தச் சிவப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.