சாமி மேடைக்குள் இருந்த மோடம்

என் மனைவி இறந்த மறுவாரம் எங்கள் வீட்டு வைஃபை சரியாக வேலை செய்யவில்லை. இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. துக்க வீட்டில் இதையெல்லாமா பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்கள். ஆனால் வியாழக்கிழமை காலை மகளுக்குக் கணினி வழியாக ஒரு நேர்காணல் இருந்தது. கோலாலம்பூர் அலுவலகம் ஒன்றின் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். அது கிடைத்தால் அவள் என்னோடு இருப்பாள். கிடைக்காவிட்டால் வெளியூர் போய்த்தான் ஆகவேண்டும்.

அம்மா இறந்ததைச் சொல்லி வேறு நாள் கேட்கலாமே என்றேன்.

“வேணாம்பா. பாவம் பாத்து எவனும் எனக்கு வேல குடுக்க வேணாம்.”

பின்னறைக் கணினியில் சிக்னல் கோடுகள் நான்கு காட்டும், ஒன்றாகக் குறையும், மறுபடி ஏறும். துக்கம் கேட்க வந்தவர்களின் பிள்ளைகள் எங்கள் வைஃபையில் படம் பார்ப்பதுதான் காரணம் என்று நினைத்து, மகள் கடவுச்சொல்லை மாற்றினாள். கூட்டம் போனபிறகும் அப்படியேதான். மேசையை ஜன்னலோரம் தூக்கிப் போட்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். கைப்பேசி லைன் எங்கள் தாமான் குடியிருப்பில் அதைவிட மோசம்.

கடைசியில் மகள் கைப்பேசியில் கோடுகளைப் பார்த்தபடி அறை அறையாக நடந்தாள். மோடத்துக்கு நேர் எதிரில் நின்றும் இரண்டு கோடுதான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மோடம், சாமி படங்கள் வைக்கும் அலமாரியான சாமி மேடைக்குள் இருந்தது. சாமி விளக்குக்கு அங்கே கரண்டு இருந்ததால் என் மனைவிதான் அங்கே வைத்தாள். ரசம் பூசிய அதன் கண்ணாடிக் கதவுகள் எப்போதும் திறந்திருக்கும். சாவு விழுந்ததும், பத்தாங் காலியிலிருந்து வந்த என் அக்கா குத்துவிளக்கு, தாம்பாளம் என்று பித்தளைச் சாமான் முழுவதையும் உள்ளே திணித்து, கதவைச் சாத்தி, வெள்ளைத் துணி போட்டுவிட்டாள். பித்தளையும் ரசக் கண்ணாடியும் சேர்ந்து சிக்னலை அடைத்துவிட்டன. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அதை யாரும் தொடக்கூடாது.

“அத்தை, மோடத்த மட்டும் வெளிய எடுத்துக்கிறேன்.”

“தீட்டோட சாமியத் தொறப்பியா?”

“மோடம் சாமி இல்ல, அத்தை.”

“சாமிகூட இருந்தா அதுவும் சாமிதான்.”

மகள் என்னைப் பார்த்தாள். அக்கா சிரித்தாள்.

“அவன என்னா பாக்குற? தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி வேலைக்கு வந்த நாளுக்குப் பேர் போடாம விட்டாகூட வாயத் தொறக்க மாட்டான் லா ஒங்கப்பன்.”

அது உண்மைதான். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை மகள் இஸ்திரி போட்ட சட்டையுடன் பின்னறையில் உட்கார்ந்தாள். தொடக்கத்தில் நன்றாகத்தான் போனது. பிறகு அவள் குரல் உயர்ந்தது. “ஹலோ, கேக்குதா?” என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பக் கேட்டாள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். திரையில் நேர்காணல் எடுத்த அம்மாளின் முகம் பாதி திறந்த வாயோடு உறைந்து நின்றிருந்தது.

நான் போய்த் துணியை விலக்கிக் கதவுகளைத் திறந்தேன். தாம்பாளங்களைத் தரையில் இறக்கி வைத்தேன். பின்னறையில் பேச்சு மறுபடி ஓடத் தொடங்கியது.

சமையற்கட்டிலிருந்து வந்த அக்கா, திறந்திருந்த சாமி மேடையைக் கண்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எந்தாயி! பதினாறுகூட முடியலயே! சாமி, ஒன் வீட்டத் தீட்டாக்கிட்டானே!”

“அக்கா, மெதுவா” என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் மாரில் அடித்துக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

லைன் அப்போது தெளிவாக இருந்தது. அந்த அம்மாள் என்ன சத்தம் என்று கேட்டிருக்க வேண்டும்.  மகள், தன் அம்மா இறந்துவிட்டதாக ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அளவு ஆங்கிலம் எனக்குப் புரியும். வருந்துகிறோம், வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம், நாங்களே அழைக்கிறோம் என்றார்களாம்.

அழைக்கவில்லை. இன்னொரு முறை கேட்டுப் பார் என்றேன், கேட்கமாட்டேன் என்றாள். இப்போது புஞ்சாக் ஆலாமில் ஒரு பேரங்காடியில் வேலை செய்கிறாள். மூன்று பெண்களோடு அறை எடுத்திருக்கிறாள். லீவு கிடைத்தால் வருவாள்.

இப்போதெல்லாம் நான் சட்டியிலிருந்தே சாப்பிட்டுவிடுகிறேன். ஒரு ஆளுக்கு எதற்குத் தட்டு.